ஒத்தடமும் மொட்டைமாடியும்

மே மாதத்தில், தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டு அபிஷேகப்பாக்கம் பக்கம் திரும்பி, இரவு எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு மாடிவீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். தெருவில் இருந்ததைவிட உள்ளே சூடு அதிகமாக இருக்கும். சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, கடற்காற்றும் வீசத் தொடங்கிவிட்டது, ஆனால் படுக்கையறை மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கிறது. அதே வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கவிழ்ந்து படுத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டின் சூட்டை எப்படி வெளியேற்றுவது, முதுகுக்குள் சூட்டை எப்படிச் செலுத்துவது என்று இரண்டு கவலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

குளிர்நாடுகளில் வீட்டுப் பராமரிப்பு நூல் எழுதுபவர் முதுகுவலிக்கு ஓர் அத்தியாயமும் அறைகளைச் சூடாக்கும் கருவிக்கு ஓர் அத்தியாயமும் ஒதுக்குவார். புதுச்சேரிக் கடற்கரையில் ஜனவரி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே போவதில்லை. இங்கே ஹீட்டர் என்றால் குளிக்கிற தண்ணீரில் போடுகிற ராடுதான். நம் வீட்டுக்கு வேண்டிய பழுதுபார்ப்பு நேர் எதிரானது. ஆனாலும் கூரையையும் முதுகையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கக் காரணம் இருக்கிறது: இரண்டிலும் சூடு நகர்வது ஒரே விதிப்படி.

அந்த விதியை எழுதியவர் பிரான்சில் பிறந்த ஜோசப் ஃபூரியே. 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். திரும்பி வந்து கிரெனோபிள் நகரில் அரசு நிர்வாகியாக இருந்துகொண்டே, உலோகத் துண்டுகளைச் சூடாக்கி, சூடு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தார். 1822இல் அவருடைய வெப்பக் கோட்பாட்டு நூல் வெளியானது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு, 1823இல், அவர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மர் மருத்துவமனை அந்தப் பள்ளியின் வழியில் வந்ததுதான். ஃபூரியேவைப் பற்றி ஒரு கதையும் உண்டு. எகிப்திலிருந்து திரும்பிய பிறகு, சூடுதான் உடம்புக்கு மருந்து என்று நம்பி, அறையை அனலாக வைத்துக்கொண்டு கனமான துணிகளைச் சுற்றிக்கொண்டே இருப்பாராம். வெப்பத்தின் கணக்கைக் கண்டுபிடித்தவரே ஒத்தடப் பிரியராக இருந்திருக்கிறார்.

அவருடைய சமன்பாட்டிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பாடம். ஒரு பொருளின் வழியே சூடு ஊர்ந்து போக ஆகும் நேரம், தூரத்தைப் பொறுத்து நேராகக் கூடாது, வர்க்கமாகக் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சூடு இறங்க ஏறக்குறைய 12 நிமிடம் பிடிக்கும். மூன்று சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். துல்லியமான கணக்கு என்று இதைச் சொல்ல மாட்டேன், ஓர் உத்தேசம்தான். ஆனால் இந்த உத்தேசமே போதும். அதுவும் உயிருள்ள உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோல் சூடானதும் அங்கே ரத்தநாளங்கள் விரிந்து, வந்த சூட்டை அள்ளிக்கொண்டு போய் உடம்பெங்கும் பகிர்ந்துவிடுகின்றன. ஒத்தடத்தின் சூடு ஒன்றிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது.

இடுப்பு முதுகெலும்பின் டிஸ்க் இருப்பதோ தோலிலிருந்து பல சென்டிமீட்டர் உள்ளே. "எல்4-எல்5 டிஸ்க் விலகிடுச்சாம், அதுக்குத்தான் ஒத்தடம் குடுக்கறேன்" என்று யாராவது சொன்னால், அந்த டிஸ்குக்கு விஷயமே தெரியாது. சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தாலும், நொச்சி இலையை வதக்கிக் கட்டினாலும், தவிட்டை வறுத்து முடிந்து ஒற்றினாலும் டிஸ்கின் வெப்பநிலை மாறப்போவதில்லை.

அப்படியானால் வலி குறைகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. 2006இல் காக்ரேன் அமைப்பு, ஒத்தடத்தைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. புதிதாக வந்த இடுப்பு வலியில், வெப்பப் பட்டை கட்டிக்கொள்வது குறுகிய காலத்துக்குச் சிறிதளவு வலியைக் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருந்தது. ஐஸ் வைப்பதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. இங்கே 'சிறிதளவு', 'குறுகிய காலம்' என்ற இரண்டையும் விட்டுவிடாமல் படிக்க வேண்டும்.

வேலை நடப்பது தோலில். அங்கே சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல், மிளகாயின் காரப்பொருள் நரம்பின் எந்த வாயிலைத் திறக்கிறது என்று தேடி, டிஆர்பிவி1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. அதே புரதம்தான் சுமார் 43 டிகிரிக்கு மேல் போகும் சூட்டுக்கும் திறக்கிறது. மிளகாய் கடித்தால் நாக்கு எரிவதும் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் விரல் எரிவதும் நரம்புக்கு ஒரே சேதி. ஐந்து ஆண்டு கழித்து, ஜூலியஸும் ஆர்டெம் படபூடியனும் தனித்தனியே, குளிர்ச்சியையும் மென்தாலையும் ஒரே மாதிரி உணரும் இன்னொரு புரதத்தைக் கண்டார்கள். வெப்பம், தொடுதல் ஆகியவற்றின் உணர்வாய்களைக் கண்டதற்காக இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தைலம் தடவினால் ஜில்லென்று இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது புரதம். நம் பக்கத்தில் தைலம் என்றதும் நினைவுக்கு வரும் அமிர்தாஞ்சனத்தைக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கியது 1893இல். தோல் ஏன் ஜில்லிடுகிறது என்று அறிவியல் சொல்வதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை தைலம் காத்திருக்கவில்லை.

தோலிலிருந்து போகும் இதமான சூட்டுச் சேதியும் அழுத்தச் சேதியும் தண்டுவடத்தில் வலிச் சேதியோடு மோதுகின்றன. எல்லாச் சேதியும் ஒரே அளவில் மேலே போய்விடுவதில்லை என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இலேயே சொன்னார்கள். அவர்கள் வரைந்த படத்தில் பிறகு பல திருத்தங்கள் வந்துவிட்டன, ஆனால் அடிப்படை நிற்கிறது. அடிபட்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதும் அதனால்தான். ஆக, ஒத்தடம் முதுகெலும்பைப் பழுதுபார்ப்பதில்லை. இருபது நிமிடம், அரைமணி நேரம் வலியின் சத்தத்தைக் குறைக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம்மில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தூங்கிவிடுகிறோம். எழுந்து நடந்தால் நல்லது.

இதை அறிவுரையாக மட்டும் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழு 203 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கை, மறுபாதிக்கு ஏழு நாள் படுக்கை என்று பரிந்துரைத்தது. இரண்டு நாள் படுத்தவர்கள் இழந்த வேலைநாட்கள் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவு. வலி குறைவதில் ஏழு நாள்காரர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. 1995இல் ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வலி அனுமதிக்கிற அளவு வழக்கமான வேலை. மூன்றாவது குழுதான் விரைவில் தேறியது. 2005இல் நூறு பேரிடம் நடந்த வேறோர் ஆய்வில் வெப்பப் பட்டை மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து என்று ஒப்பிட்டபோது, இரண்டும் சேர்ந்ததே நன்றாக வேலை செய்தது. நான் சொல்ல வருவதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

வலி போன பிறகும் நடையை விட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து தேறியவர்களில் ஒரு குழுவுக்குப் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். வலி திரும்பி வர, நடந்தவர்களுக்கு நடுமதிப்பில் 208 நாள் ஆனது, நடக்காதவர்களுக்கு 112 நாள். சுண்ணாம்பாற்றுப் பாலம் வரைக்கும் ஒரு நடை, காசு செலவில்லாத மருந்து. கடலூர் சாலையில் பேருந்துகளுக்கு நடுவே நடக்கச் சொல்லவில்லை, உள்தெருக்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஸ்கேன் படத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நடக்கப் பயப்படுகிறவர்களில் பலரைப் பயமுறுத்தியது வலியைவிட அந்தப் படம்தான். "தேய்மானம்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததும், இனி குனிந்தால் இன்னும் தேயும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு டிஸ்க் பிதுங்கி இருந்தது. 2015இல் வலியில்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, டிஸ்க் தேய்மானம் இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம், எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. டிஸ்க் நரைப்பதும் பெரும்பாலும் அவ்வளவுதான். இடுப்பு வலிகளில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு எலும்பிலோ டிஸ்கிலோ இதுதான் காரணம் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்பு பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நம் ஊர் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பெல்ட்டுகள் இன்னும் வரிசையாகத்தான் தொங்குகின்றன.

"கட்டிலை விட்டுட்டுத் தரையில பாயைப் போட்டுப் படுங்க மாமா" என்கிற உபதேசமும் அதே வகை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த சோதனையில் (2003) கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. பாய் சுகமாக இருந்தால் பாயில் படுக்கலாம். முதுகுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வேண்டியதில்லை.

ஆனால் சில வலிகளுக்கு ஒத்தடமும் நடையும் பதில் இல்லை. பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்பக்கத்திலும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, காலில் பலம் இறங்கிக்கொண்டே வருவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் இல்லை. சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் முதுகுவலியோடு சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. முன்பு புற்றுநோய் வந்தவர், மாடிப்படியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவர், எலும்பு பலவீனமான வயதானவர் ஆகியோரும் காத்திருக்கக் கூடாது.

ஒத்தடத்தின் ஒரே பெரிய ஆபத்து, அது சுகமாக இருப்பது. 1947இல் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் செய்த ஆய்வுகள் இன்றும் தீக்காய மருத்துவத்துக்கு அடிப்படை: 60 டிகிரிச் சூடு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், வெறும் 44 டிகிரியும் ஆறு மணி நேரம் தொட்டுக்கொண்டே இருந்தால் பொசுக்கிவிடும். வெந்நீர்ப் பையின் மேல் மல்லாந்து தூங்கிவிடுகிறவருக்கு நடப்பது இதுதான். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவருக்கு எரிவதே தெரியாது. அவர்களுக்கு வேறொருவர் முழங்கையால் சூட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வாணலியில் வறுத்த மணல், உப்பு ஆகியவற்றில் இன்னும் கவனம் தேவை. தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும். மணலுக்கு அந்த எல்லை கிடையாது. இந்த அபாயம் வேண்டாம் என்றால், வெந்நீரில் துண்டைப் பிழிந்து போடுவதே போதும், சீக்கிரம் ஆறிவிடும் என்பது அதன் குறையல்ல, பாதுகாப்பு. பதினைந்து, இருபது நிமிடம். தினமும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சூடு வைப்பவர்களுக்குத் தோலில் வலை போன்ற பழுப்புத் தடம் விழும். காஷ்மீரில் குளிர்காலத்தில் கணப்புச் சட்டியான காங்ரியை அங்கிக்குள் வைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள்.

இனிக் கூரை. முதுகுவலிக்காரருக்குக் கூரை என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் தூக்கத்தில் இருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாக வலிக்கும் என்பது ஆய்வகத்தில் பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். நம் கடற்கரையில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் தூக்கத்தைக் கெடுப்பதில் கொசுவுக்கு அடுத்தபடி கூரைதான். மாத்திரைச் சீட்டோடு கூரைக்கு வெள்ளையடிக்கவும் எழுதிக் கொடுக்கிற மருத்துவர் இருந்தால் நான் அவரிடம்தான் போவேன்.

புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட கம்புக்கு நிழல் விழாது. அந்த மாதங்களில் வீட்டின் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது சுவரல்ல, கூரை. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். அழுக்கேறிய சிமெண்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கைக் குடித்துக்கொள்ளும்.

1,000 சதுர அடி வீட்டின் நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்தின் எடை 22 டன்னுக்குக் கொஞ்சம் மேல். அது பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால், உள்ளே தங்குவது 55 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். நான்கு அங்குலத்தைத் தாண்டிச் சூடு அடிப்பக்கம் வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து சுருக்கி போட்டு, தட்டோடு பதித்திருந்தால் ஐந்தாறு மணி நேரம். பகல் ஒன்றரை மணிக்கு மொட்டைமாடியில் கால் வைக்க முடியாத அந்தச் சூடு, சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்குத்தான் உட்கூரைக்கு வந்து சேர்கிறது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கும் நேரமும் அதுதான். 40 டிகிரியில் இருக்கும் உட்கூரை, 34 டிகிரித் தோலை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சாகச் சூட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். மின்விசிறிக் காற்றால் அதைத் தடுக்க முடியாது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதும் இல்லை, வியர்வையை உலர்த்தித் தோலைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது ஓடினால், மோட்டாரின் 70 வாட் சூடு மட்டும் மிச்சம்.

ஆகவே சூட்டைக் கூரைக்கு மேலேயே நிறுத்த வேண்டும், உள்ளே வந்த பிறகு துரத்துவது செலவான வேலை. மிக மலிவான வழி வெள்ளை. புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். குடித்தது 650 வாட் என்றால், வெள்ளையடித்த பிறகு 200 வாட். வேறு எந்த வேலைக்கும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் இல்லை. அகமதாபாத் தன் வெப்பச் செயல்திட்டத்தில் இதைச் சேர்த்தது, தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. ஒரே தொல்லை, வடகிழக்குப் பருவமழையில் பாசி பிடித்து, கடலூர் சாலைப் புழுதி படிந்து, அடுத்த ஆண்டே பாதி கறுத்துவிடும். பொங்கல் முடிந்து, பிப்ரவரிக்குள் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். கையில் காசிருப்பவர்கள் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கிறார்கள். அதற்கும் கழுவல் உண்டு.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது நம் தெருக்களின் பழைய பழக்கம். கணக்குப்படி நல்ல யோசனைதான்: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும். அது முழுவதும் தளத்திலிருந்தே எடுக்கப்பட்டால் ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் பதினோரு டிகிரி இறங்கிவிடும். ஆனால் ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாவதற்கு முன் குழாய் வழியே இறங்கி ஓடிவிடுகிறது, கடற்கரையின் ஈரக்காற்றில் ஆவியாதலும் மந்தம். நனைத்த சாக்கை விரித்தால் ஒரு வாளியில் அதே வேலை நடக்கும். உப்பேறிய போர்த் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். விரிசல் வழியே உப்பு இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இடுப்புக்கு வைத்தியம் பார்க்கப் போய் வீட்டின் எலும்பை அரித்துவிடக் கூடாது.

மாடியில் கீற்றுக்கொட்டகை போடுவதைப் போலக் குளிர்ச்சி வேறில்லை. கீற்று வெயிலை வாங்கிக்கொள்ளும், அதற்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓடும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கத்தில் எத்தனை கொட்டகைகள் பறந்தன என்பதைப் பார்த்தவர்கள், திரும்பக் கட்டும்போது கொஞ்சம் யோசித்தார்கள்.

அதே தத்துவத்தைப் பறக்காமல் செய்து காட்டிய கட்டடம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் களத்தில் நிற்க, 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1940களில் முடிந்தது. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் பணம் வந்ததால் அந்தப் பெயர். கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்து, நடுவே காற்று போக வழி விட்டிருக்கிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில், கையால் திருப்பித் திறந்து மூடும் கிடைமட்டச் சட்டங்கள். குளிர்சாதனம் இல்லாமலே எண்பது ஆண்டாக ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். நம் எளிய வீட்டுக்கு அந்தச் சட்டங்கள் கட்டுப்படியாகாது, இரட்டைக் கூரை கட்டுப்படியாகும். அதுவும் இப்போது சூரியத் தகடு வடிவில் வருகிறது. மாடிக்கு மேல் கம்பி நாட்டித் தகடு மாட்டினால் மின்சாரமும் நிழலும் சேர்ந்தே கிடைக்கும். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 2011இல் அளந்தபோது, தகட்டுக்குக் கீழிருந்த கூரைக்குள் இறங்கிய சூடு 38 சதவீதம் குறைந்திருந்தது. தகடு விற்பவர்கள் ஏனோ இந்த நிழலைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

உள்ளே தெர்மோகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவது இரண்டாம்பட்சம். தளம் முழுக்கச் சூடாகித்தான் தீரும். அந்தச் சூடு நம்மைப் பார்க்காமல் இருக்கத் திரை போடுகிறோம், அவ்வளவே. வாடகை வீடு, மாடி நமக்கில்லை என்றால் அதுவாவது உதவும்.

ஜன்னல் திறக்கும் நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாகிவிடும், அப்போது மூடித் திரை இழுக்க வேண்டும். நம் ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் கிழக்கு ஜன்னலையும் அதற்கு எதிரே ஒரு வழியையும் திறக்கலாம். மேற்குக் காற்று பலமாக அடித்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில்தான் வெப்பம் உச்சம் தொடும், அன்று சாயங்காலம் வரை மூடியே இருக்கட்டும். இரவு முழுக்கத் திறந்து வைக்கக் கொசுவலைச் சட்டம் அடித்துவிடுவது, இன்னொரு மின்விசிறி வாங்குவதைவிடப் பயன் தரும்.

கடைசியாக, வெள்ளையடிக்கிற வேலையையே முதுகுவலிக்காரர் எடுத்துக்கொண்டால்: மட்டையைப் பிடித்துக் குனிந்தபடி ஆயிரம் சதுர அடியை ஒரே காலையில் முடிக்க வேண்டாம். நீளக் கழியில் பிரஷ்ஷைக் கட்டி நிமிர்ந்து நின்று அடிக்கலாம், இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, அதனால் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். இருபது லிட்டர் வாளி நிறைந்தால் இருபது கிலோவுக்கு மேல். மாடிப்படியில் அரை வாளியாகவே ஏற்றுங்கள்.